குழந்தை இன்னும் பேசவில்லை, ஸ்க்ரீனிங்குக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்: இதற்கு என்ன அர்த்தம்?

என் சின்னவனுக்கு ஒரு வருடம் பத்து மாதம் இருந்தபோது பூஸ்டர் ஊசி போடப் போயிருந்தோம். "எத்தனை வார்த்தை சொல்றான்?" என்று டாக்டர் கேட்டார். விரல்விட்டு எண்ணினேன், ஒரு கைகூட நிரம்பவில்லை. வளர்ச்சி ஸ்க்ரீனிங்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார், கிடைத்த தேதி ஏழு வாரம் கழித்து. அந்தச் செய்தி கொளத்தூரிலிருந்து தாம்பரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் "குழந்தைக்கு ஆட்டிசமாம்" (மற்றவர்களோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறு மாதிரி இருக்கும் வளர்ச்சி நிலை) என்று ஆகியிருந்தது. அன்று இரவே என் மாமியாருக்கு அழுகை, மாமனாருக்குக் கோபம். "அவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான், எந்த ஆஸ்பத்திரிக்கும் போக வேணாம்."

யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஸ்க்ரீனிங் என்ற சொல் நம்மிடம் அப்படித்தான் புழங்குகிறது. ஒரு வீட்டில் அதைக் கேட்டதுமே முடிவு வந்துவிட்டதாக நினைத்து இடிந்துபோகிறார்கள், இன்னொரு வீட்டில் தானாகப் பேசிவிடும் என்று தேதியையே விட்டுவிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. அந்த ஏழு வாரத்தில் யாராவது உட்கார வைத்துச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய விஷயங்களைத்தான் எழுதுகிறேன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்

சமையலறைக் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வரவில்லை. உடனே குழாயையா மாற்றுவோம்? தெருவில் மெட்ரோ வாட்டரே வந்திருக்காது. அல்லது சம்ப்பில் தண்ணீர் இருந்தும் யாரும் மோட்டார் போட்டிருக்க மாட்டார்கள். அல்லது மேல் தொட்டியிலிருந்து இறங்கும் பைப் அடைத்திருக்கும். சென்னையில் வாழ்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச்சும் அப்படித்தான். வாய் கடைசியில் இருக்கும் குழாய் மட்டுமே.

தெருவிலிருந்து வரும் தண்ணீர் என்பது காது. குழந்தைக்குச் சத்தம் கேட்டால் மட்டும் போதாது, 'பல்', 'கல்', 'பால்' இவற்றுக்கு இடையில் இருக்கும் சின்ன வித்தியாசமும் தெளிவாகக் கேட்க வேண்டும். சம்ப் என்பது புரிதல். கேட்ட சொற்கள் அர்த்தத்தோடு உள்ளே சேர்வதை ஏற்பு மொழி என்கிறார்கள். "செருப்பை எடுத்துட்டு வா" என்று கை காட்டாமல் சொல்லி, குழந்தை போய் எடுத்து வந்தால் அங்கே ஏற்பு மொழி இருக்கிறது. உள்ளே இருப்பதைச் சொல்லாகவோ சைகையாகவோ வெளியே கொண்டுவருவது வெளிப்பாட்டு மொழி. எந்தக் குழந்தைக்கும் புரிதல்தான் முதலில் நிறையும், பேச்சு அதன் பின்னால் வரும்.

மோட்டாரைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இன்னொருவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்ற உந்துதல் அது. மொட்டைமாடியில் காக்கா உட்கார்ந்தால் ஒன்றரை வயதுக் குழந்தை விரலை நீட்டுகிறது, திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது, மறுபடி காக்காவைப் பார்க்கிறது. அதற்கு அந்தக் காக்கா வேண்டும் என்பதில்லை, நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிக்கும் இதற்குக் கூட்டுக் கவனம் என்று பெயர். 'காக்கா' என்ற சொல் குழந்தையின் மனதில் ஒட்டுவது அந்தக் கணத்தில்தான். அதனால்தான் டாக்டர்கள் வார்த்தைக் கணக்கைக் கேட்ட கையோடு "விரல் நீட்டிக் காட்டுறானா?" என்றும் கேட்கிறார்கள். பிஸ்கட் டப்பாவைக் கேட்டு விரல் நீட்டுவது வேறு, காக்காவைக் காட்ட விரல் நீட்டுவது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கவனியுங்கள்.

பைப்பும் குழாயும்தான் நாக்கு, உதடு, தொண்டைத் தசைகளும் அவற்றை வரிசையாக அசைக்க மூளை போடும் திட்டமும்.

ஆக, 'பேச்சுத் தாமதம்' என்பது ஒரு அறிகுறி, அதையே நோயின் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது மட்டுமே இப்போது தெரியும். எங்கே தடை என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. நாக்கில் வசம்பு உரசித் தடவுவது குழாயைத் தேய்த்துத் துடைப்பது மாதிரி. அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் வசம்பு உள்ளே போனால் சின்னக் குழந்தைக்குக் கடுமையாக வாந்தி வரலாம். வேண்டாம் என்று பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

எந்த வயதில் எவ்வளவு?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வளர்ச்சிப் பட்டியலை 2022-ல் திருத்தியது. அதன்படி 15 மாதத்தில் அம்மா, அப்பா தவிர ஒன்றிரண்டு சொற்களைச் சொல்ல முயல வேண்டும், 18 மாதத்தில் குறைந்தது மூன்று சொற்களைச் சொல்ல முயல வேண்டும், சுவாரசியமான ஒன்றைக் காட்ட விரல் நீட்ட வேண்டும். 24 மாதத்தில் "இன்னும் பால்" போல இரண்டு சொல் சேர வேண்டும். 30 மாதத்தில் சுமார் 50 சொல்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் "இதெல்லாம் சராசரிதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்பார்கள். நானும் சொன்னேன். ஆனால் அது சராசரி இல்லை. 100 குழந்தைகளில் 75 குழந்தைகளாவது அதைச் செய்துவிடும் வயதைத்தான் போட்டிருக்கிறார்கள். பாதிக் குழந்தைகள் தாண்டிய இடத்தில் கோடு போடவில்லை, பெரும்பாலானவர்கள் தாண்டிய பிறகு போட்டிருக்கிறார்கள். அதனால் கோட்டைத் தாண்டவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் பார்க்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், இரண்டு வயது வரை பிறந்த தேதியை விட்டுவிட்டுப் பிரசவத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

சரி, எதைச் சொல் என்று எண்ணுவது? 'மம்மு', 'இங்கா', 'ஜோஜோ', 'டாட்டா' எல்லாம் கணக்கில் சேரும். உச்சரிப்பு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்ப அதையே சொன்னால் அது சொல்தான். மாட்டைப் பார்த்து எப்போதும் "ம்மா" என்றால் அதுவும் சொல்தான். ஆனால் "ஒன் டூ த்ரீ, ஏ பி சி டி எல்லாம் சொல்றான், தண்ணி கேட்கத்தான் தெரியல" என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மனப்பாடமாக ஒப்பிப்பதில் குழாய் வேலை செய்வது தெரிகிறது, மோட்டார் ஓடுகிறதா என்பது தெரியவில்லை. தண்ணீர் கேட்டு வரும் ஒரு "ண்ணி", நூறு வரை எண்ணுவதைவிட அதிகம் சொல்கிறது.

புரிதல், விளையாட்டு, விரல் நீட்டல் எல்லாம் சரியாக இருந்து சொற்கள் மட்டும் குறைவாக இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையை லேட் டாக்கர் என்கிறார்கள். இவர்களில் நிறையப் பேர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். அவன் அப்பா மூன்று வயதில் பேசியதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாமனாரின் வாதத்துக்கு நான் கண்டுபிடித்த பதில் இது ஒன்றுதான்.

ஸ்க்ரீனிங் என்பது ஆரஞ்சு அலர்ட்

ஐப்பசி கார்த்திகையில் வானிலை ஆய்வு மையம் சென்னைக்கு ஆரஞ்சு அலர்ட் கொடுக்கிறது. அலர்ட் வந்ததாலேயே மழை வந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. மழை வரக்கூடும், தயாராக இருங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். சில நாள் அலர்ட் வந்தும் வெயில் அடிக்கிறது. சில நாள் ஒன்றும் சொல்லாமல் கொட்டித் தீர்க்கிறது. 2024 அக்டோபரில் சிவப்பு அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பயந்த அளவு மழை பெய்யவில்லை. அதற்காக அவர்கள் செய்தது தப்பாகிவிடுமா? 2015-ல் வண்டி மூழ்கியவர்களுக்குத் தெரியும்.

ஸ்க்ரீனிங் என்பது எல்லாக் குழந்தைகளிடமும் குறைந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரு வடிகட்டல். யாரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். எப்படிப்பட்ட பிரச்சினை, ஏன், எவ்வளவு என்பதை நிபுணர் நேரில் விளையாட வைத்து, அளந்து, பெற்றோரிடம் விரிவாகப் பேசிக் கண்டுபிடிப்பது அசெஸ்மென்ட். அதற்குப் பிறகு நிபுணர் ஒரு பெயர் சொன்னால் அதுதான் டயக்னோசிஸ், அதாவது நோயறிதல். மூன்றும் வேறு வேறு. தாம்பரத்துக்குப் போன செய்தியில் இந்த மூன்றும் ஒன்றாகிவிட்டது.

ஸ்க்ரீனிங்கில் பெரும்பாலும் கேள்வித்தாள்தான். திருவனந்தபுரத்தில் உருவாக்கிய ஒரு வளர்ச்சிப் பட்டியல் இந்தியா முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, இரண்டு வயதுக்குள்ளான குழந்தைக்கு அதில் 17 அம்சங்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்டிசத்துக்கென்று எம்-சாட் என்ற 20 கேள்விகள், 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு. தமிழிலும் இருக்கிறது. கவலை தரும் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், அது இரண்டு வரை வந்தால் இப்போதைக்குக் கவலை குறைவு. 3 முதல் 7 வரை வந்தால் அதே கேள்விகளை விளக்கமாக மறுபடி கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரடியாக அசெஸ்மென்ட்.

அமெரிக்காவில் 16,000 குழந்தைகளிடம் இந்தக் கேள்வித்தாளைப் பரிசோதித்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டு கட்டக் கேள்விகளிலும் 'மேலும் பாருங்கள்' என்று வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம். ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய விஷயமோ இருந்தது. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே படியுங்கள். முதலாவதை மட்டும் படித்தால் அலட்சியம் வரும், இரண்டாவதை மட்டும் படித்தால் பீதி வரும்.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பேசாதது ஒரு அறிகுறி, அதற்குக் காரணம் பல இடத்தில் இருக்கலாம், ஸ்க்ரீனிங் அந்தக் காரணத்தைச் சொல்லாது, தேட வேண்டுமா என்று மட்டும் சொல்லும்.

காது பரிசோதனைக்குத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. பேச்சு தாமதம் என்றாலே முதலில் காதைப் பார்க்க வேண்டும், ஸ்க்ரீனிங் தேதி எப்போது இருந்தாலும் சரி. நாங்கள் வீட்டிலேயே 'டெஸ்ட்' செய்துவிட்டோம். எவர்சில்வர் தட்டைத் தட்டினோம், திரும்பினான். அடுத்த அறையில் சாக்லேட் காகிதம் பிரித்தால் ஓடி வந்தான். காது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம்.

அவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது. அந்த நிலையில் குழந்தைக்குக் கேட்பது, தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வெளியே பேசுவதைக் கேட்பது போல. தட்டுச் சத்தம் கேட்கும், கூப்பிட்டால் திரும்பும், ஆனால் சொற்களின் ஓரங்கள் எல்லாம் மழுங்கிப்போய் வந்து சேரும். வேறு சில குழந்தைகளுக்குக் கனமான சத்தங்கள் கேட்டு, 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். தட்டைத் தட்டிப் பார்ப்பதில் இவை எதுவும் தெரியாது. பிறந்தபோது செய்த காது சோதனையில் சரியாக இருந்ததும் இன்றைக்கு உத்தரவாதம் இல்லை.

மூன்று பெயர்கள் காதில் விழும். ஓ.ஏ.இ. சோதனையில் காதுக்குள் சின்ன அடைப்பான் வைத்து ஒலி அனுப்புவார்கள், நல்ல உள்காது அதற்கு ஓர் எதிரொலியைத் திருப்பித் தரும், கருவி அதைப் பிடிக்கும். டிம்பனோமெட்ரியில் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்ப்பார்கள், நீர் கோத்திருப்பது இதில்தான் தெரியும். பெரா சோதனையில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஒயர்களை ஒட்டி, ஒலி மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று அளப்பார்கள். வலி எதுவும் கிடையாது. பெராவுக்குக் குழந்தை நன்றாகத் தூங்க வேண்டும், அதற்காக முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் வண்டியில் கண்ணயரவிடாமல் கொண்டுபோக வேண்டும். பாட்டுப் பாடி, ஜன்னலில் பஸ்ஸைக் காட்டி, கன்னத்தைத் தடவி, அந்தப் பயணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தூங்காவிட்டால் அங்கே தூக்க மருந்து கொடுப்பார்கள், முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காதில் கோத்த நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும், எங்களுக்கும் வடிந்தது. ஆனால் அதற்குள் அவன் இழந்த மாதங்களுக்கு ஸ்பீச் தெரபி தேவைப்பட்டது. கேட்கும் குறை ஆழமானதாக இருந்தால் நாள் கடத்துவது பெரிய நஷ்டம். ஆறு வயதுக்குள்ளான குழந்தைகளுக்கு, ஒலியைக் காது நரம்புக்குக் கொண்டுசேர்க்கும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்தும் அறுவை சிகிச்சை தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு, ஆனால் எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும்.

"அதனாலதான் பேசல"

செல்போன். இதை இரண்டு பக்கமும் தப்பாகப் பேசுகிறார்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்குப் பிறகு ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்குள் என்று நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சொல்வது சரிதான். மொழி வளர்வது பந்தை உருட்டித் திருப்பி வாங்குவது போன்ற பரிமாற்றத்தில். குழந்தை "ஊ" என்றால் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும். திரை பேசிக்கொண்டே போகும், குழந்தை உருட்டிய பந்தைத் திருப்பித் தராது. அதனால் நிறுத்துங்கள். ஆனால் "போனை நிறுத்தினா ஆட்டிசம் போயிடும்" என்பது சரியில்லை, திரை பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் 'வர்ச்சுவல் ஆட்டிசம்' எந்த மருத்துவ வகைப்பாட்டிலும் இல்லை. போனை நிறுத்திவிட்டோம் என்று தேதியை ரத்து செய்யாதீர்கள். ஒரு குழந்தையோடு நாள் முழுக்கத் தனியாக மல்லுக்கட்டும் அம்மாவை "நீ போன் குடுத்ததாலதான்" என்று குத்தாதீர்கள், அவள் ஏற்கெனவே ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

வீட்டில் இரண்டு மொழி. புரசைவாக்கத்தில் ஒரு வீட்டில் தெலுங்கும் தமிழும், திருவல்லிக்கேணியில் உருதுவும் தமிழும், இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் இப்படித்தான் வளர்கிறார்கள். இரண்டு மொழி பேசுவது தாமதத்தை உண்டாக்குவதில்லை. எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். பாட்டியிடம் "நீள்ளு", அம்மாவிடம் "தண்ணி" என்றால் இரண்டு சொல். ஸ்கூலுக்காகத் தாய்மொழியை நிறுத்திவிட்டு வராத ஆங்கிலத்தில் பேச ஆரம்பிப்பதுதான் குழந்தைக்கு நஷ்டம், ஏனென்றால் நம் வாயிலிருந்து இயல்பாக வரும் பேச்சு பாதியாகிவிடும்.

ஆண் குழந்தை தாமதமாகப் பேசும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, சராசரியில் வித்தியாசம் சிறியது. இரண்டு வயதில் ஒரு சொல்கூட இல்லாததை அது விளக்காது. நாக்கு ஒட்டியிருப்பது சில ஒலிகளைப் பாதிக்கலாம், பேச்சே வராமல் செய்வதில்லை.

தேதி வரும்வரை

அலர்ட் வந்ததும் மழைநீர் வடிகாலைத் திறந்துவிடுகிறோம், பால் பாக்கெட் வாங்கி வைக்கிறோம். அதே மாதிரி இங்கேயும் வேலை இருக்கிறது. வளர்ச்சித் தாமதத்துக்குச் சின்ன வயதிலேயே கொடுக்கும் பயிற்சியையும் உதவியையும் ஆரம்பநிலை இடையீடு என்கிறார்கள், அதைத் தொடங்க டயக்னோசிஸ் என்ற பெயர் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் மூன்று வருடம்தான் மூளை மொழியை மிக வேகமாகப் பிடிக்கும் காலம். ஸ்பீச் தெரபிஸ்ட்டை இப்போதே பார்க்கலாமா என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

அரசு வழியும் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கே வந்து குழந்தைகளைப் பார்க்கிறது, தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது, கட்டணம் கிடையாது. எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஒரு இடத்தில் தேதி தள்ளிப் போனால் இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது, முதலில், பரீட்சை வைப்பதை நிறுத்துவது. "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று நாங்கள் ஐந்து பேர் மாறி மாறிக் கேட்டதில் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டான். "தண்ணின்னு சொன்னாதான் தருவேன்" என்பதும் வேண்டாம், பேச முடியாத குழந்தைக்கு அது தண்டனை. டம்ளரை நீட்டும்போது நீங்களே "தண்ணி" என்று சொல்லிக் கொடுங்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். குப்பை வண்டி பாட்டோடு வந்தால் "வண்டி... வண்டி வந்துடுச்சு", தோசைக்கல்லில் மாவு விழுந்தால் "சொய்ய்ங்". சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக்கொண்டு சும்மா இருங்கள். அந்த மௌனத்தில்தான் குழந்தைக்குத் தன் முறை கிடைக்கிறது, பெரியவர்களுக்குத்தான் அது கஷ்டம். குழந்தை "வண்டி" என்றால் நீங்கள் "பெரிய வண்டி" என்று ஒரு சொல் மட்டும் கூட்டுங்கள்.

ஒரு நோட்டில் சொற்களையும் சைகைகளையும் தேதியோடு எழுதுங்கள். இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள் எடுத்து வையுங்கள்: விளையாடும்போது, சாப்பிடும்போது, கூப்பிட்டுத் திரும்பாதபோதும். புது இடத்தில் குழந்தை இறுகிப்போகும், அந்த இருபது நிமிடத்தைவிட உங்கள் வீடியோ அதிகம் சொல்லும்.

இதற்கு நடுவில், சொல்லிக்கொண்டிருந்த சொற்களையோ பார்த்துச் சிரிப்பதையோ குழந்தை விட்டுவிட்டால், எந்த வயதாக இருந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரை உடனே பாருங்கள்.

போகும் நாளில், மதியத் தூக்க நேரத்தைத் தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள், வயிறு நிறையச் சாப்பிட வைத்துப் பிடித்த பொம்மையையும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்யாததைச் செய்வதாகச் சொல்லாதீர்கள், பாட்டி தாத்தா கூட வந்தால் அவர்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள். எழுந்து வருவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: கேட்பது, புரிவது, சொல்ல விரும்புவது, வாய் அசைவது இதில் எங்கே சந்தேகம்? தெரபியை இன்றே தொடங்கலாமா? அடுத்து எப்போது வர வேண்டும்? பதிலை அங்கேயே சீட்டில் எழுதி வாங்குங்கள், தாம்பரத்திலிருந்து போன் வரும்போது அதைப் பார்த்துப் படித்துக்காட்டலாம்.